ஒரு படத்துக்கான பலகை

முதலில் மீனின் கண்ணைப் பார்ப்பாள். பிறகு வயிற்றை விரலால் அழுத்துவாள். கடைசியில் கூடையின் மேல் குனிந்து மோந்து பார்ப்பாள். இவ்வளவும் ஆன பிறகுதான் விலை கேட்பாள். வம்பாகீரப்பாளையத்திலிருந்து நெத்திலி கொண்டுவரும் அஞ்சலாட்சிக்கு இதில் தினமும் எரிச்சல்.

"ஏம்மா, மீனத் திங்கப் போறியா, மூக்குப்பொடி மாதிரி ஏத்திக்கப் போறியா?"

"நேத்து மீனு இது."

"விடியக்காலம் வலையில வந்தது. எம் புருசன் மேல சத்தியமா."

"ஒம் புருசன் நேத்து ராத்திரி கடலுக்குப் போவல. குடிச்சிட்டு மணல்ல படுத்திருந்தான். இப்பதான நீ அழுத."

அஞ்சலாட்சி சிரித்துவிடுவாள். கூடைக்கு அடியில் ஈரத்துணியைப் போட்டு மூடி வைத்திருக்கும் நல்ல மீன் அப்போதுதான் வெளியே வரும்.

முதலியார்பேட்டையில் எங்கள் தெருவில் சைகோன்காரம்மா வீடு என்று கேட்டால் இவள் வீட்டை யாரும் காட்டுவார்கள். பெயர் லியென். அவர்கள் மொழியில் தாமரை என்று பொருளாம். ஐம்பது வயது இருக்கும். குள்ளம். வீட்டில் இருக்கும்போது கறுப்புக் கால்சட்டையும் முழங்கை வரை வரும் வெள்ளைச் சட்டையும் அணிவாள். தெருவில் இறங்கினால் புடவை. அந்தப் புடவை நிற்பது கட்டியதால் அல்ல, ஊக்குகளால். பற்கள் கறுப்பு. வெற்றிலை போட்டு வந்த கறுப்பு இல்லை. வயதுக்கு வந்ததும் அந்த ஊர்ப் பெண்கள் பல்லுக்குச் சாயம் ஏற்றிக்கொள்வார்களாம். எங்கள் பற்களைப் பார்த்து அவள் முதலில் பரிதாபப்பட்டதாகச் சொல்லியிருக்கிறாள்.

யாரிடம் பேசினாலும் 'நீ'தான். தபால்காரரும் நீ, டாக்டரும் நீ, பெருமாள் கோயில் பட்டரும் நீ. காய்கறிக்காரிகளிடம் கற்ற தமிழில் மரியாதைக்கு இடம் இருக்கவில்லை. யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

சைகோன் என்று சொல்வது மட்டும் அவளுக்குப் பிடிக்காது.

"நான் சைகோன் இல்ல. ஹைஃபோங். சைகோன்ல கப்பலுக்குக் காத்துக்கெடந்தேன், அவ்ளோதான்."

"எல்லாம் ஒண்ணுதானம்மா" என்றாள் அஞ்சலாட்சி ஒரு நாள்.

"நீ கடலூர்க்காரியா?"

"நான் ஏன் கடலூர்க்காரி ஆவணும்? அவளுவளுக்கு மீன் கழுவக்கூடத் தெரியாது."

"ஆங்" என்றாள் இவள். பேச்சு அத்தோடு முடிந்தது.

கணவர் தணிகாசலம் இந்தத் தெருவில் பிறந்தவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாகச் சேர்ந்து இந்தோ-சீனா போனார். சிப்பாயைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லே அவருக்குப் பெயராகிவிட்டது. தெருவுக்கு அவர் 'சொல்தா'. அப்படியென்றால் என்பதற்கு 'அலோர்', பெண்டாட்டியை அன்பாகக் கூப்பிட 'மஷேர்' என்று பிரெஞ்சு இன்னும் அவர் பேச்சில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போன இடத்தில் லியெனைக் கல்யாணம் செய்துகொண்டு வடக்கே துறைமுகப்பட்டணமான ஹைஃபோங்கில் இருந்தார். பிள்ளைகள் இல்லை. சண்டை முடிந்து நாடு வடக்கு தெற்கு என்று இரண்டானபோது, பிரெஞ்சுக்காரர்களோடு அவரும் வடக்கை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. லியென் கூட வந்தாள். லியெனின் தாய் வரவில்லை. கணவனின் சமாதிக்கு யார் ஊதுவத்தி கொளுத்துவது என்று கேட்டாளாம். சைகோனில் கூடாரத்தில் சில மாதங்கள். பிறகு கப்பல், சென்னைத் துறைமுகம், விழுப்புரத்தில் ரயில் மாறிப் புதுச்சேரி. ஐம்பத்தைந்தாம் வருஷம் அது.

கிளம்பும்போது தாய் மூன்று பொருள்களைக் கொடுத்தாள். இறந்துபோன தகப்பனின் படம். தன்னுடைய படம். வீட்டில் முன்னோர்களுக்கு ஊதுவத்தி செருகும் கிண்ணத்திலிருந்து ஒரு பிடி சாம்பல். புது வீட்டுக் கிண்ணத்தில் பழைய சாம்பல் கொஞ்சமாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் செத்தவர்களுக்கு வழி தெரியாது. சாம்பல் ஒரு சிகரெட் டப்பாவில் வந்தது. சென்னையில் சுங்க அதிகாரி அதைத் திறந்து விரலை விட்டுப் பார்த்து, என்ன இது என்று கேட்டார்.

"மாமனார் வூட்டுச் சாம்பல்" என்றாராம் சொல்தா.

அதிகாரி டப்பாவை அவசரமாக மூடிவிட்டுக் கை கழுவப் போனாராம். இந்தக் கதையைச் சொல்தா இன்றைக்கும் வாரம் ஒரு முறை சொல்கிறார்.

வந்த புதிதில், வெளிநாட்டிலிருந்து திரும்பிய குடும்பங்களை விசாரிக்க ஒருவர் வந்தார். போகும்போது வாசலில் யாரிடமோ அகதிகள் என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு லியென் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் அம்மா ராஜாம்பாள் அப்போதுதான் ஆலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ராஜாம்பா, அகதின்னா என்னா?"

"ஊரு இல்லாதவங்க."

"எனக்கு ஊரு இருக்கு. போவ முடியாது. அதுக்கு என்னா பேரு?"

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "அதுக்குப் பேரு இல்லடி. உள்ள வா, காப்பி போடறேன்."

அம்மா ஆலையில் நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தவள். அப்பா நான் சிறுவனாக இருந்தபோதே போய்விட்டார். அந்த நூலில்தான் நான் ஓவர்சியர் படிப்புப் படித்தேன். இப்போது மின்சார இலாகாவில் இருக்கிறேன்.

இருவருக்கும் சிநேகம் கெட்டியானது ஒரு சண்டையில். நெத்திலியையும் உப்பையும் அடுக்கடுக்காக ஜாடியில் போட்டு, மேலே கருங்கல்லை வைத்து, மாதக்கணக்கில் வெயிலில் விடுவாள் லியென். ஜாடியின் அடியில் சின்னத் துளை, அதில் மூங்கில் குழாய். சொட்டி வரும் நீர் தேன் நிறத்தில் இருக்கும். நமக்குப் புளி எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. ஆனால் ஊறும்போது வரும் வாடை தெருக்கோடி வரை போகும்.

"எலி செத்துக் கெடக்குதுன்னு பரண்ல இருந்த சாமானெல்லாம் எறக்கிட்டேன். கடைசியில ஒன் ஜாடியா?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள் அம்மா.

"எலி இல்ல. நெத்திலி."

"செத்து நாறுனா எல்லாம் ஒண்ணுதான்."

சமாதானம் என் பொறுப்பாயிற்று. பகலில் காற்று கடலிலிருந்து வருகிறது. ஆகவே ஜாடியைத் தோட்டத்தின் மேற்கு மூலைக்கு மாற்றினேன். மூடிக்குப் பழைய டியூபிலிருந்து ரப்பர் வளையம் வெட்டிப் போட்டேன். வாடை பாதியாகக் குறைந்தது. நன்றிக்கு லியென் ஒரு சீசா கொண்டுவந்தாள். அம்மா அதைக் கொல்லையில் வைத்தாள். ஒரு மாதம் கழித்து அது அடுப்பங்கரைக்கு வந்தது. கத்தரிக்காய்க் குழம்பு இறக்கும்போது ஒரு கரண்டி விடுவாள். "என்னா சனியனோ, நாக்கு கேக்குது" என்பாள். தவளக்குப்பத்திலிருந்து பெரியம்மா வந்தால் சீசா மறுபடியும் கொல்லைக்குப் போய்விடும்.

வெற்றிலை அவர்களுக்கும் உண்டு. பாக்கு, சுண்ணாம்பு எல்லாம் நம் மாதிரியேதான். ஆலைச் சங்கு ஊதி அம்மா வந்த பிறகு இருவரும் எங்கள் கொல்லைப்படியில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள். மாடியில் அம்மாவின் வடகமும் லியெனின் அரிசித்தாளும் பக்கத்தில் பக்கத்தில் காயும். காகத்தை விரட்ட ஒரே குடை. அரிசித்தாள் என்பது அரிசி மாவை ஆவியில் பரப்பி எடுத்து மூங்கில் தட்டியில் உலர்த்தும் அப்பளம். அதை நனைத்து, இறாலும் கறியும் சேமியாவும் வைத்துச் சுருட்டி எண்ணெயில் பொரிப்பாள். தெரு அதற்குச் சைகோன் போண்டா என்று பெயர் வைத்திருக்கிறது. பிரெஞ்சுப் பெயர் உள்ள தமிழ்க் குடும்பங்களில் கல்யாணம், ஞானஸ்நானம் என்றால் இவளுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் போலக் கப்பலில் வந்த பெண்கள் நாலைந்து பேர் கூடுவார்கள். விரல் அகலமே உள்ள நீளச் சீட்டுகளை வைத்து ஆடுவார்கள். ஒருத்தியின் கணவர் நீதிமன்றத்தில் குமாஸ்தா, ஒருத்தி விதவை. பேச்சு எல்லாம் அவர்கள் மொழியில். அம்மா நடுவில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருப்பாள். அவர்கள் சிரித்தால் சிரிப்பாள். என்ன புரிந்தது என்று நான் ஒரு முறை கேட்டேன். "யாரோ மாமியாளப் பத்திப் பேசறாளுவ. அதுக்குப் பாஷ எதுக்கு?" என்றாள்.

லியென் வீட்டுச் சுவரில் படம் வைக்கும் பலகையை அடித்துக் கொடுத்தவன் நான். வந்த வருஷமே கேட்டாள். முன்னோர் படம் வைக்கும் பலகை வீட்டில் எல்லாவற்றையும்விட உயரத்தில் இருக்க வேண்டும். யார் தலையும் அதற்கு மேலே போகக் கூடாது. சொல்தாவைப் பட்டாளத் தொப்பியோடு நிற்க வைத்து உயரம் குறித்தோம்.

"அலோர், நான் இன்னும் வளருவேன்னு பாக்கறியா?" என்றார் அவர்.

"நீ வளர மாட்ட. தொப்பி வளரும்."

அவர் பக்கத்துப் பெரியவர்களுக்குப் படம் கிடையாது. அவர்களுக்குப் படையல் அண்ணன் வீட்டில். ஆகவே பலகை லியெனின் ஆட்களுக்கு மட்டும். இரண்டு படங்கள் வைக்கும் நீளத்துக்கு மரம் கொண்டுபோயிருந்தேன். அவள் தகப்பன் படத்தைச் சுவரில் வைத்துக் காட்டி, அந்த அகலத்துக்கு அறுக்கச் சொன்னாள்.

"மரம் இருக்குதே, நீளமாவே வெச்சிடலாம்" என்றேன்.

"ஒண்ணுதான் செத்தது. ஒண்ணு போதும்."

அறுத்தேன். ரசமட்டம் வைத்து அடித்தேன். தாயின் படம் அடுக்களைக் கதவோரம், கண் மட்டத்தில், ஒரு சாதாரண ஆணியில் தொங்கியது. தலையில் துணி சுற்றிய ஒல்லியான கிழவி. வாய் மூடியிருந்தாலும் கறுப்புப் பல் தெரிகிற மாதிரி ஒரு பிடிவாதம். போகும்போதும் வரும்போதும் லியென் அந்தப் படத்தோடு பேசுவாள். மீன் விலையைச் சொல்வாள் என்று நினைக்கிறேன்.

ஹைஃபோங்கிலிருந்து ஒரு தகவலும் வரவில்லை. வருகிற ஒவ்வொரு புதுக் குடும்பத்தையும் போய்ப் பார்த்தாள். எல்லோரும் தெற்கிலிருந்து வந்தவர்கள். வடக்கில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று எவருக்கும் தெரியவில்லை.

அவர்களுடைய வருஷப் பிறப்பு நம் தை அமாவாசையை ஒட்டி வரும். செத்தவர்கள் அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடுவதாக நம்பிக்கை. சமைத்ததைப் படங்களுக்கு எதிரில் வைத்து ஊதுவத்தி கொளுத்துவார்கள். வத்தி எரிந்து முடிகிற வரை உயிரோடு இருப்பவர்கள் தொடக் கூடாது. இரண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு வருஷப் பிறப்பன்று சொல்தா ஒரு காரியம் செய்தார். லியென் குளிக்கப் போன நேரத்தில் மாமியார் படத்தைக் கழற்றிப் புதுச் சட்டம் போட்டு, குங்குமம் வைத்து, சாமந்தி மாலை சாத்தி, மாமனார் படத்தை ஓரமாகத் தள்ளிப் பக்கத்தில் ஏற்றிவிட்டார். கெட்ட எண்ணம் இல்லை. கிழவிக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். ஒரு முடிவுக்கு வந்தால் பெண்டாட்டிக்கு நிம்மதி என்று நினைத்தார். பாதிப் படம் பலகைக்கு வெளியே நின்றது.

அம்மாவும் நானும் அப்போது அங்கே இருந்தோம். லியென் தலை துவட்டிக்கொண்டே வந்தாள். பார்த்தாள்.

"நீ பாத்தியா?" என்றாள்.

"என்னாத்த?"

"எங்கம்மா செத்தத. நீ பாத்தியா?"

"பாக்கல. ஆனா மஷேர், வயசு என்னா ஆவுது, நாமளும்..."

"பாக்கல. அப்ப எறக்கு."

அவர் அசையவில்லை. அவளே முக்காலியைப் போட்டு ஏறி இறக்கினாள். மாலையை எடுத்தாள். கண்ணாடியில் இருந்த குங்குமத்தை முந்தானையால் துடைத்தாள். துடைத்தது போதவில்லை, தண்ணீர் தொட்டுத் துடைத்தாள். பிறகு படத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சோறு ஆறிப்போயிற்று.

"என்னாண்ணே நீ" என்றாள் அம்மா சொல்தாவிடம். "உசுரோட இருக்கறவளுக்கு மாலையப் போட்டுட்ட."

"உசுரோட இருக்கறான்னு யாரு பாத்தா?" என்றார் அவர். சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கள் தாத்தா பினாங்குக்குப் போனவர், திரும்பவில்லை. எப்போது செத்தார் என்று தெரியாது. "நாளு தெரியாதவங்களுக்கு மாளய அமாவாச இருக்கு. எங்கய்யாவுக்கு அன்னிக்கித்தான் படைக்கறோம். நீயும் படைக்கலாம்" என்றாள்.

"அது எல்லாருக்கும் உள்ள நாளு. எங்கம்மா எல்லாரும் இல்ல. ஒரு ஆளு."

"சரி, ஒங்க ஊர்ல என்னா செய்வாங்க?"

"வூட்ட உட்டுப் போன நாள எடுத்துப்பாங்க." மடியில் இருந்த படத்தைப் பார்த்தாள். "போனது அம்மா இல்ல. நானு. அது நான் செத்த நாளு."

அம்மாவுக்கு அழுகை வந்தால் விளையாட்டாகப் பேசுவாள். "அப்ப ஒண்ணு செய்யி. நான் போனா எந் நாள எடுத்துக்க. எனக்கும் ஒங்கம்மாவுக்கும் ஒரே சமையலா ஆயிடும்."

லியென் அவள் தொடையில் அடித்தாள். "நீ சாவாத."

படம் பழைய ஆணிக்குப் போயிற்று. புதுச் சட்டத்தையும் கழற்றிவிட்டாள்.

போன ஐப்பசியில் அம்மா போனாள். மழை நாள். காய்ச்சல் என்றார்கள், பிறகு இருதயம் என்றார்கள். நான் காரைக்கால் லைனில் கம்பம் நடுகிற வேலையில் இருந்தேன். வந்தபோது லியென்தான் அம்மாவின் தலைமாட்டில் இருந்தாள். யாரும் எதுவும் சொல்வதற்கு முன் வெள்ளைத் துணியில் ஒரு நாடா கிழித்து என் நெற்றியைச் சுற்றிக் கட்டிப் பின்னால் முடிந்தாள். அவர்கள் ஊரில் தாயை இழந்த பிள்ளை அப்படிக் கட்டிக்கொள்ள வேண்டும். தவளக்குப்பத்துப் பெரியம்மா ஆதிலட்சுமி, "இது என்னா கூத்து, அவுருடா" என்றாள். நான் அவிழ்க்கவில்லை. மறுநாள் நாவிதர் வந்தபோதுதான் அவிழ்த்தேன். அம்மா போன நாளை லியென் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். நம் வளர்பிறை போல அவர்கள் மாதமும் அமாவாசைக்கு மறுநாள்தான் பிறக்கிறது.

"அமாவாச போயி அஞ்சாம் நாளு" என்றாள்.

"வளர்பிறை பஞ்சமி" என்றார் புரோகிதர்.

"எங்களுக்கும் அஞ்சு" என்றாள் அவரிடம்.

இந்த ஐப்பசியில் முதல் திதி வந்தது. படையலில் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தோம். பெரியம்மா பார்க்காத நேரத்தில் லியென் அதில் தன் சீசாவிலிருந்து ஒரு கரண்டி விட்டதைப் பார்த்தேன். ஊதுவத்தி எரிந்து முடிகிற வரை என்னைச் சாப்பிட விடவில்லை. பெரியம்மா பசி தாங்காமல் முனகினாள்.

எனக்குக் காரைக்காலுக்கு மாற்றல் வந்திருக்கிறது. வீட்டைக் காலி செய்ய வேண்டும். திதியன்று மாலை லியென் அம்மாவின் படத்துக்கு எதிரில் நின்றுகொண்டு கேட்டாள்.

"இத எங்க எடுத்துட்டுப் போவ?"

"கூட எடுத்துக்கிட்டுப் போறேன்."

"அங்க நீ ஒத்த ஆளு. கம்பத்து மேல இருப்ப. யாரு வத்தி கொளுத்துவா?" பிறகு சொன்னாள்: "ராஜாம்பா இந்தத் தெருவ உட்டு வரமாட்டா. எனக்குத் தெரியும். எங்கிட்ட குடு. நீ ஒண்ணு வேற எடுத்துக்க."

ஸ்டூடியோவில் இன்னொரு பிரதி எடுத்தேன். முந்தாநாள் மரமும் கருவிகளும் கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். ரசமட்டத்தை, அன்று நெற்றியில் கட்டிய அந்த வெள்ளை நாடாவில்தான் சுற்றி வைத்திருக்கிறேன். அவள் அதைப் பார்த்தாள். நாடாவை மடித்து என் கருவிப் பையில் வைத்தாள். சொல்தா வழக்கம்போல் தொப்பியோடு நின்றார். வயதில் கொஞ்சம் குனிந்திருந்தார்.

"வளரலியே" என்றேன்.

"தொப்பி வளந்துடுச்சி" என்றார்.

பழைய பலகையைக் கழற்றினேன். இவள் தகப்பன் படம் ஒன்று, என் அம்மா படம் ஒன்று, நடுவில் கிண்ணத்துக்கு இடம். அந்த அளவுக்குச் சுவரில் டேப்பைப் பிடித்து, "இவ்வளவு போதும்" என்றேன்.

லியென் அடுக்களைக் கதவோரத்து ஆணியை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். என் கையிலிருந்து டேப்பின் நுனியை வாங்கினாள். இன்னொரு படத்தின் அகலத்துக்கு இழுத்து, சுவரில் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நான் பென்சிலால் கோடு போடும் வரை நின்றாள்.